கோடியக்கரையில் செடிகொடிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கோடியக்கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வெளிமானையும் பூநாரையையும் தேடிப் போகிறார்கள். வண்டியில் ஒரு சுற்று, கடற்கரையில் சில படங்கள், இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். மணல்மேட்டில் படரும் அடும்பையும், உவர்ச் சேற்றில் சிவக்கும் உமரியையும், கோடையிலும் இலை கொட்டாத பாலை மரங்களையும் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோவதுதான் மிச்சம். 1967-இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை வகை நிலம் அடுத்தடுத்துக் கிடப்பது தமிழ்நாட்டுக் கடற்கரையில் அரிது. அதற்காகவே ஒரு முழு நாளை ஒதுக்கலாம்.

கிளம்பும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே நிலம் கிட்டத்தட்ட தட்டை. ஆனால் அரை மீட்டர் ஏறினால் ஒரு செடிக் கூட்டம், அரை மீட்டர் இறங்கினால் இன்னொன்று. காரணம் உப்பு. மணலில் விழும் மழை உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர் இலகுவானது, அதனால் உடனே கலப்பதில்லை. மணல் எவ்வளவு உயரமோ அவ்வளவு தடிமனாக அந்த நல்ல நீர்ப் படலம் இருக்கும். அங்கே மரம் வளரும். தாழ்ந்த இடத்தில் உப்புநீர் தரைக்கு அருகே நிற்கிறது, வெயிலில் ஆவியாகி உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. அங்கே உமரியைத் தவிர அதிகம் எதுவும் பிழைக்காது. நாள் முழுக்க நடக்கும்போது, நிற்கும் இடம் சற்று முன் நின்ற இடத்தைவிட மேடா பள்ளமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். செடி ஏன் மாறியது என்பதற்குப் பெரும்பாலும் அதிலேயே விடை கிடைக்கும்.

எந்த மாதம்

முதல் முறை போகிறவர்களுக்குத் தையும் மாசியும்தான் ஏற்றவை. அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், சதுப்பில் தண்ணீர் நிற்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் போயிருக்காது.

செங்காந்தள் பூத்துப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலத்திலேயே போக வேண்டும். அதற்கான விலை, சேறும் புயலும். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். நவம்பரில் வருவதாக இருந்தால் முந்தின நாளும் கிளம்பும் நாள் காலையும் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சதுப்பு காய்ந்து வெடித்து உப்புப் பூத்துக் கிடக்கும். அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் முற்பகல் பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் நிற்க முடியாது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களைத் தவிருங்கள். கடலாட வருகிறவர்களின் கூட்டத்தில் கரையோரச் செடிகளை நின்று பார்க்க இடமிருக்காது.

போய்ச் சேருவதும் அனுமதியும்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை ஏறக்குறைய 11 கிலோமீட்டர், பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023-இல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலில் வருகிறவர்கள் அங்கே இறங்கி மீதித் தூரத்துக்குப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். காலை வெளிச்சம் முக்கியம் என்பதால் முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுவது நல்லது. கோடியக்கரையிலேயே வனத்துறை ஓய்வு விடுதியில் தங்க விரும்பினால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். நுழைவுக் கட்டணம், வண்டிக் கட்டணம், கேமராக் கட்டணம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சீட்டை நாள் முழுக்கக் கையில் வைத்திருங்கள். எந்தத் தடத்தில் நடக்கலாம், எதில் வண்டியில் மட்டும் போகலாம் என்பதைச் சோதனைச் சாவடியிலேயே கேளுங்கள். மழைக்குப் பின் சில தடங்களை மூடிவிடுவார்கள். "செடி பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொல்லி, இடம் தெரிந்த ஒருவரை உடன் அனுப்ப முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். உள்ளூர் ஆள் ஒருவர் காட்டும் பத்துச் செடி, புத்தகத்தில் தேடும் ஐம்பதைவிட மனத்தில் நிற்கும்.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்துப் போவது குற்றம். இலை, விதை, பூ, காய்ந்த குச்சி எல்லாம் அதில் அடக்கம். மூலிகை என்று கிள்ளிக்கொண்டு போவதும் அப்படித்தான். பார்க்கலாம், படம் எடுக்கலாம், குறித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இல்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். இதில் குறைக்க வேண்டாம். உள்ளே குடிநீர் கிடைக்குமென்று நம்பிப் போகாதீர்கள். எவர்சில்வர் பாட்டில் நல்லது, எறிந்துவிட்டு வரும் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டரில் கரைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி. உப்புத் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெயில், நேர் வெயிலைவிடக் கண்ணை உறுத்தும்.

முழுக்கைச் சட்டை, முழுக்காற்சட்டை, காற்சட்டை நுனியைச் செருகும் அளவு நீளமான காலுறை. மான்களும் குதிரைகளும் மேயும் இடத்தில் உண்ணி இருக்கும். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் மூன்றையும் பாருங்கள். மூடிய காலணி கட்டாயம். சீமைக் கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறும், பாதத்துக்குள் ஒடிந்து நிற்கும், மறுநாள் வீங்கும். முள் எடுக்கும் சாமணம் ஒன்று, கிருமிநாசினி, கட்டுத் துணி வைத்துக்கொள்ளுங்கள். ஒடிந்த முனை உள்ளே நின்றுவிட்டால் தோண்டாதீர்கள், வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நோட்டு, பென்சில் (ஈரத்தில் பேனா எழுதாது), மீட்டருக்கு ஒரு முடிச்சாகப் போட்ட 4 மீட்டர் கயிறு. இந்தக் கயிறுதான் நாளின் முக்கியக் கருவி, அது எதற்கென்று பின்னால் வருகிறது. தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள், அதற்காக ஒன்று வாங்க வேண்டாம்.

முதல் இடம்: காலை 6.30, கடற்கரை

கடலிலிருந்து தொடங்கி உள்ளே போவதுதான் சரியான வரிசை. காட்டில் தொடங்கினால் மணல் சுடத் தொடங்கிய பிறகே கரைக்கு வருவீர்கள். அதற்குள் அடும்பின் பூவும் வாடத் தொடங்கியிருக்கும். ஊதா கலந்த அந்த இளஞ்சிவப்புப் பூவுக்குக் காலைதான் நேரம்.

ஈர மணல் முடியும் இடத்தில் நில்லுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நேராக நிலம் நோக்கி நடங்கள். பத்து அடிக்கு ஒரு முறை நின்று, கயிற்றை நான்கு முடிச்சில் மடித்து ஒரு மீட்டர் சதுரமாகத் தரையில் வையுங்கள். அதற்குள் எத்தனை வகைச் செடி, எவ்வளவு பாகம் வெறும் மணல் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் அ, ஆ, இ என்று குறித்தால் போதும். பத்துச் சதுரம் எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். சலிப்பாகத் தோன்றலாம், ஆனால் நான்காவது ஐந்தாவது சதுரத்தில் செடி மாறுவது கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், பிறகு கயிறில்லாமலே தெரியும்.

முதலில் வெறும் மணல். அடுத்து அடும்பு. ஆட்டுக் குளம்பைப் போல இரண்டாகப் பிளந்த இலை, மணலோடு ஒட்டி ஓடும் கொடி, கணுவுக்குக் கணு வேர். மணல் மூடினால் அது சாவதில்லை, மேலே எழுந்து மறுபடியும் படர்கிறது. அப்படி மூடி மூடி எழுந்துதான் மணலைக் கட்டி மேடாக்குகிறது. மேட்டின் மேல் இராவணன் மீசை. ஊசி போன்ற விறைத்த இலைகள், பந்து போன்ற முள் தலை. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. உருண்டையான பெரிய தலை பெண் செடியுடையது. முற்றியதும் கழன்று காற்றில் உருண்டோடி விதையைச் சிந்தும். பக்கத்தில் குனியும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், இலை நுனி குத்தும். நெய்தல் நிலம் என்று படித்தது இப்போது காலடியில் கிடக்கிறது.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மேட்டின் மேல் ஏறி அதன் நீளத்துக்கு நடப்பது. அடும்பின் கொடி ஓரிடத்தில் அறுந்தால் அந்த இடைவெளியில் காற்று மணலை வாரத் தொடங்கும், ஒரு பருவத்தில் அது ஓடையாகிவிடும். நீளவாக்கில் நடப்பதெல்லாம் ஈர மணலில் இருக்கட்டும். மேட்டைக் கடப்பது ஏற்கெனவே காலடி பட்ட பாதையில் மட்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். விடியலில் அகலமான தடம் ஒன்று கடலிலிருந்து ஏறித் திரும்பியிருந்தால் அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், வனக் காவலரிடம் சொல்லுங்கள், தோண்டிப் பார்க்காதீர்கள். கரை திரும்பும் முனையாதலால் நீரோட்டம் எளிதில் கணிக்கத்தக்கதல்ல. குளிக்கும் எண்ணத்தோடு இறங்க வேண்டாம்.

இரண்டாவது: புதரும் புல்வெளியும், 8 மணி

மணல்மேட்டின் பின்புறம் காற்று தணியும் இடத்தில் சங்கஞ்செடி, களா, தாழை, பிரண்டை போன்றவை தொடங்கும். சங்கஞ்செடியை முள்ளை வைத்து அறியலாம்: இலைக்கணுக்களில் விறைத்து நிற்கும் கூர் முட்கள், வெள்ளையாகக் கண்ணாடி போன்ற காய். களாவில் மல்லிகை போன்ற சிறு வெள்ளைப் பூ, கிள்ளினால் பால் வரும் (கிள்ளாதீர்கள், உதிர்ந்த இலைக்காம்பைப் பார்த்தால் போதும்).

அதைத் தாண்டினால் புல்வெளி. வெளிமான் இங்கேதான் மேய்கிறது. நூறு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தலையை உயர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

புல்வெளியின் ஓரத்தில் பார்க்க வேண்டியது, வருத்தத்தோடு பார்க்க வேண்டியது, சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். இதன் நெற்று இனிக்கும். குதிரையும் மாடும் மானும் தின்னும், விதை சாணத்தோடு வெளியே வந்து உரத்தோடு முளைக்கும். மேய்ச்சல் விலங்கு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அதன் உணவையே அழிக்கும் மரம் கூடவே போகிறது. புல்வெளி சுருங்கினால் வெளிமானுக்குப் போக்கிடமில்லை. நம் நாட்டுக் கருவேலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தாற்போல இடுங்கி இடுங்கி இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல் நீண்ட வெளிர்மஞ்சள் கதிர், காய் பெரிதாக இடுங்காத நீண்ட நெற்று.

மூன்றாவது: காடு, 9.30 முதல் நண்பகல் வரை

வெயில் ஏறும்போது நிழலுக்குள் போய்விட வேண்டும். அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான்.

இதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பெயரே முரணாகத் தோன்றும். ஆண்டின் பெரும்பகுதி வறட்சி, மழையின் பெரும்பங்கு ஓரிரு மாதத்தில் கொட்டித் தீர்கிறது, ஆனாலும் மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. எப்படி? ஓர் இலையைச் செடியிலேயே விட்டபடி விரலால் தொட்டுப் பாருங்கள். தடித்து, மேல்புறம் மெழுகு பூசினாற்போல் பளபளவென்றிருக்கும். நீரை எளிதில் விடாத இலை அது. பச்சையாக இருப்பதால் செழிப்பான இடமென்று நினைத்துவிடக் கூடாது, இங்கே ஒரு மரம் கைத்தடிப் பருமன் ஆகவே பல ஆண்டுகள் பிடிக்கும்.

இந்தக் காட்டின் முதன்மை மரம் பாலை. உலக்கைப் பாலை என்றும் சொல்வதுண்டு. கட்டை அவ்வளவு கடினம். வெப்பாலை, ஏழிலைப்பாலை ஆகியவற்றுக்கும் இதற்கும் உறவில்லை, பால் வடிவதால் வந்த பொதுப் பெயர். அடையாளம்: இலைகள் கிளை நுனியில் கொத்தாக, ஒவ்வோர் இலையின் நுனியும் சற்று உள்வாங்கிக் குழிந்து இருக்கும். பட்டை கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும். பழம் சிறியது, மஞ்சள், இனிப்பு. பறவையும் குரங்கும் நரியும் அதற்காகக் காத்திருக்கும். உகா மரத்தையும் தேடுங்கள். சதைப்பற்றான இலை, உதிர்ந்த ஒன்றை எடுத்துக் கசக்கினால் கடுகு போலக் காரமான வாசம் வரும். நாவல், புங்கன் போன்ற ஊர் மரங்கள் இங்கே குட்டையாக நிற்பதைப் பார்த்தால் முதலில் அடையாளம் பிடிபடாது.

கடலை நோக்கிய காட்டோரத்தில் மரத் தலைகள் சரிவாக, கத்தரித்தாற்போல் இருப்பதைக் கவனியுங்கள். உப்புக் காற்று படும் பக்கத்துக் குருத்துகள் கருகிவிடுவதால் மரம் எதிர்ப்பக்கம் மட்டுமே வளர்கிறது. புயலில் மரம் விழுந்த திறப்புகள் கண்ணில் பட்டால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெயில் தரைக்கு இறங்கியதும் முதலில் இடம் பிடிப்பது கொடிகளும் சீமைக் கருவேலமும்தான். அவற்றுக்கு அடியில் பாலைக் கன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நல்ல செய்தி.

செங்காந்தளைப் பூவில்லாத நேரத்திலும் அறியலாம்: இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்த செடியைப் பிடித்திருக்கும். கிழங்கு, தண்டு, விதை எல்லாமே கடும் நஞ்சு. குழந்தைகள் உடன் வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எருக்கின் பாலும் கண்ணில் படக் கூடாது. பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டைக் காட்டுக்குள் பிரிக்காதீர்கள். குரங்கு பையோடு பறிக்கும். நண்பகலில் வெளியே வந்து கோடியக்காட்டில் குழகர் கோயில் பக்கம் இளைப்பாறிச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குமேல் மறுபடி கிளம்பலாம்.

நான்காவது: சதுப்பு, 3.30-க்குப் பின்

வழியில் இராமர் பாதம் என்னும் மேட்டில் ஏறுங்கள். சில மீட்டர் உயரம்தான், ஆனால் காலையிலிருந்து நடந்த நிலம் முழுவதும் அங்கிருந்து ஒரே பார்வையில் விரியும். மரம் முடிந்து புதர், புதர் முடிந்து புல், புல் முடிந்து உவர்நிலம் என்று நிறம் மாறுவதை நோட்டில் ஒரு கோட்டுப் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

உவர்நிலத்தின் அரசி உமரி. இந்தப் பெயரில் இரண்டு வகை வழங்குகிறது: சிறு குழல் போன்ற சதை இலைகள் உள்ளது ஒன்று, இலையே இல்லாமல் தண்டு முழுக்கக் கணுக்கணுவாக இருப்பது மற்றொன்று. கோடை நெருங்க நெருங்கச் சிவக்கும். அருகிலேயே தரையில் படர்ந்து, சாறுள்ள இலையோடு சிறு நட்சத்திரம் போல இளஞ்சிவப்புப் பூ விடும் செடி ஒன்று இருக்கும். உமரியைவிடச் சற்று மேடான ஓரத்தை அது விரும்பும். அவ்வளவு நுட்பமான வித்தியாசத்துக்கும் செடி மாறுகிறது.

தரை காய்ந்தது போலத் தெரிந்தாலும் மேலோடு மட்டுமே காய்ந்திருக்கலாம். குச்சியால் குத்திப் பார்த்து, ஒரு சாண் எளிதாக இறங்கினால் அதற்கு மேல் போகாதீர்கள். கணுக்கால் புதைந்தால் வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். முழங்கால் வரை போய்விட்டால் காலை வெடுக்கென்று இழுக்காமல், பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, பாதத்தை மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். வண்டியை ஒருபோதும் தடத்தை விட்டு இறக்காதீர்கள். சக்கரம் கிழித்த மேலோடு ஆண்டுக்கணக்கில் ஆறாது. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் நிலம் இவ்வளவு தட்டையாக இருப்பதால் காற்று தள்ளும் நீரே வெகுதூரம் பரவிவிடும். காற்று பலமாக வீசினால் தாழ்வான பக்கம் இறங்க வேண்டாம்.

பூநாரைக் கூட்டம் இருந்தால் தடத்திலிருந்தே பாருங்கள். படத்துக்காகக் கிளப்பிப் பறக்கவிடுவது அவற்றின் மேய்ச்சலைக் கெடுப்பது.

அலையாத்திக் காட்டை இதே நாளில் சேர்க்க முயலாதீர்கள். அதற்கு முத்துப்பேட்டைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். படகில் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அங்கே பெரும்பான்மை வெண்கண்டல்: சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்கள், அடிப்புறம் வெளுத்த இலை, இலைமேல் உப்புத் துகள். மூச்சு வேரை மிதித்தால் ஒடியும், மரம் மூச்சடைக்கும். அங்கே தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கிளையைப் பிடித்து ஊன்றிக்கொள்ளும் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

படமும் குறிப்பும்

பின்னால் பெயர் கண்டுபிடிக்க ஒரு படம் போதாது. செடிக்கு நான்கு எடுங்கள்: முழுச் செடியும் அது நிற்கும் தரையும், இலையின் இரு புறமும், இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா என்பது, பூ அல்லது காய். பத்து ரூபாய் நாணயத்தை அருகே வையுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அளவு கணக்கிட எளிது. பூவை மட்டும் அழகாக எடுத்து வந்து பெயர் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் சொல்ல முடிவதில்லை. இலை அமைப்பு தெரிந்தால் பாதிச் செடிகளைக் கழித்துவிடலாம்.

வண்டியில் ஏறும் முன் காலுறை, காலணி அடி, காற்சட்டை மடிப்பு ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் விதையையும் முள்ளையும் அங்கேயே உதறிவிடுங்கள். இங்குள்ளது வேறிடம் போகவும் வேண்டாம், அடுத்த முறை வேறிடத்து விதை இங்கே வரவும் வேண்டாம். வரும்போதும் சுத்தமான காலணியோடு வாருங்கள். கடற்கரை, காட்டோரம், சதுப்பு மூன்றிலும் படம் எடுத்த இடத்தை அருகிலுள்ள மரத்தையோ கல்லையோ வைத்து நோட்டில் குறித்து, எந்தத் திசை நோக்கி எடுத்தது என்றும் எழுதுங்கள். மாசியில் எடுத்த அதே மூன்று படத்தை வைகாசியில் அதே இடத்தில் நின்று எடுத்துப் பக்கத்தில் வைத்தால், உமரி எவ்வளவு சிவந்தது, நீர் எங்கே வற்றியது, சீமைக் கருவேலம் எத்தனை அடி முன்னே வந்தது எல்லாம் தெரியும்.